விட்டுக்கொடு என்று வேதம் யாரிடம் சொல்கிறது? அப்பாவின் தோப்பும் ஆதியாகமம் 13-ம்

குழித்துறை மகள்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. வீடும் அதை ஒட்டி 60 சென்ட் தென்னந்தோப்பும் இருக்கிறது. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர்தான். போன மாதம் அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தை, அதாவது சொத்தில் பாகம் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை, டைப் அடித்து எடுத்து வந்தார். "உனக்கு நகையும் பணமும் போட்டுத்தான் அப்பா கட்டிக்கொடுத்தார். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். ஆதியாகமம் 13-ம் அதிகாரத்தை வாசித்தார். ஆபிரகாம் லோத்துக்கு விட்டுக்கொடுத்ததால்தான் ஆசீர்வாதம் பெற்றான், நீயும் விட்டுக்கொடு என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் மனசுக்கு அதிகமாக வலிக்கிறது.

எனக்குள் பொருளாசை இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். கோபம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்த இடத்தில் விசுவாசமாக நடப்பது என்றால் கையெழுத்துப் போடுவதுதானா? சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. வசனம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.


பனங்காடு:

மகளே, எனக்கு 68 வயது. சொத்துத் தகராறில் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை எங்கள் சபையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். கூடப்பிறந்தவன் செத்தால்கூட வாசலோடு நின்று மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பத்து சென்ட் நிலத்துக்காக இதெல்லாம்.

பவுல் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" (1 கொரிந்தியர் 6:7). ஆஸ்தியைப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி அண்ணனுக்குக் கட்டளையிடும் என்று ஒருவன் கேட்டபோது ஆண்டவர் மறுத்துவிட்டார் (லூக்கா 12). நீங்கள் இழப்பதைக் கர்த்தர் வேறு வழியில் தருவார். போட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்கள் சமாதானத்துக்காகச் சொல்கிறேன்.


ரெகொபோத்:

அக்கா, நானும் கையெழுத்துப் போட்டவள்தான், 2011-ல். நான் வெளிநாட்டில் நர்ஸ் வேலையில் இருந்தேன். ஊரில் தம்பிக்கு நிலையான வருமானம் கிடையாது, மூன்று பிள்ளைகள் வேறு. லீவில் வந்தபோது நானே பத்திரம் எழுதச் சொன்னேன். தம்பி வேண்டாம் என்றான். அம்மா ஒரு பாகமாவது வைத்துக்கொள் என்றார். நான்தான் பிடிவாதமாக எழுதிக்கொடுத்தேன். இன்றுவரை ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அதனால் விட்டுக்கொடுப்பதில் சந்தோஷம் உண்டு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நான் கொடுத்தேன், என்னிடமிருந்து யாரும் வாங்கவில்லை. உங்கள் வீட்டில் நடப்பது அது இல்லை என்று தோன்றுகிறது.


நாசரேத் வாத்தியார்:

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதியாகமம் 13-ஐ எடுத்து, அதில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) பெரியப்பாவோ சித்தப்பாவோ முறை, லோத்து தகப்பன் இல்லாத பிள்ளை. லோத்தின் தகப்பன் ஆரான் ஊர் என்ற பட்டணத்திலேயே இறந்துபோனான். தேசத்தைப் பற்றிய வாக்குத்தத்தம் ஆபிராமுக்குத்தான் வந்தது. குடும்பத்தலைவர் அவர்தான். அந்தக் காலத்து வழக்கப்படி முதலில் பார்த்து எடுக்கிற உரிமையும் பெரியவருக்குத்தான். அவர் சொல்கிறார்: "வாக்குவாதம் வேண்டாம், நாம் சகோதரர்." அப்புறம், "நீ இடதுபுறம் போனால், நான் வலதுபுறம் போகிறேன்" என்கிறார். லோத்திடம் போய் "எனக்கு யோர்தான் சமபூமியை எழுதிக்கொடு" என்று கேட்கவில்லை. சின்னவன் முன்னால் தேசத்தை வைத்து, நீ முதலில் எடு என்கிறார்.

இந்த அதிகாரத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆபிராமின் இடத்தில் நிற்பவர் யார்? மூத்தவர், பட்டாவும் சாவியும் கையில் வைத்திருப்பவர், பத்திரம் தயாரித்துக் கொண்டுவரக்கூடியவர். உங்கள் அண்ணன்தான். போதகர் சரியான அதிகாரத்தைத்தான் வாசித்திருக்கிறார். ஆனால் அதை உங்கள் அண்ணனிடம் போய் வாசித்திருக்க வேண்டும்.

ஆபிரகாமின் மகன் ஈசாக்கு வெட்டின கிணறுகளும் இப்படித்தான். முதல் கிணற்றுக்குச் சண்டை வந்தது, ஏசேக்கு என்று பேரிட்டு விட்டுப் போனார். இரண்டாவதற்கும் சண்டை, சித்னா. மூன்றாவதுக்கு யாரும் வரவில்லை, ரெகொபோத். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ஆதியாகமம் 26:16-ஐ யாரும் அதோடு சேர்த்து வாசிப்பதில்லை. எங்களைவிட நீ பலத்துவிட்டாய், போய்விடு என்று அபிமெலேக்கு ராஜாவே ஈசாக்கிடம் சொல்கிறான். சண்டை போட்டால் ஜெயிக்கக்கூடிய ஆள்தான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனார்.

பலமுள்ளவன் பலமில்லாதவனிடம் வந்து "எனக்குக் கொடு" என்று கேட்கிற கதையும் வேதத்தில் இருக்கிறது. 1 இராஜாக்கள் 21, நாபோத்தின் திராட்சத்தோட்டம். ஆகாப் ராஜா சும்மா கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றுதான் கேட்டான். "என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக" என்று நாபோத் மறுத்தான். கர்த்தர் நாபோத்தைப் பொருளாசைக்காரன் என்று சொல்லவில்லை. ஆகாபைக் கண்டிக்க எலியா தீர்க்கதரிசியை அனுப்பினார்.

எண்ணாகமம் 27-ஐயும் வாசியுங்கள் அம்மா. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். இறந்துபோன செலொப்பியாத்தின் மகள்கள், ஐந்து பெண்களின் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மோசேக்கும் எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக, ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் நின்று, "எங்கள் தகப்பனுடைய சகோதரருக்குள்ளே எங்களுக்குக் காணியாட்சி கொடுக்கவேண்டும்" என்று கேட்டார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோனார். வந்த பதில்: "செலொப்பியாத்தின் குமாரத்திகள் சொல்லுகிறது சரிதான்."


பனங்காடு:

வாத்தியார் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால்தான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது. அதே எண்ணாகமத்தில் 36-ம் அதிகாரத்தில், தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கல்யாணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அண்ணன் இருக்கிற வீட்டுக்கு அந்த வசனத்தை இழுக்க முடியாது.

விட்டுக்கொடுப்பது பலமுள்ளவனுக்கு மட்டும் என்கிறீர்கள். "உன்னோடு வழக்காடி உன் வஸ்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றிருக்கிறவனுக்கு உன் அங்கியையும் விட்டுவிடு" (மத்தேயு 5:40) என்பதை ஆண்டவர் யாருக்குச் சொன்னார்? வழக்கில் இழுக்கப்படுகிற ஏழைக்குத்தானே?


நாசரேத் வாத்தியார்:

நீங்கள் சொல்வது சரி. மத்தேயு 5:40 பலமில்லாதவனுக்குச் சொன்ன வார்த்தைதான். அதைச் சுற்றிப்போக எனக்கு வழி இல்லை, போகவும் கூடாது. இந்தச் சகோதரி ஒரு நாள் முழங்காலில் நின்று, கர்த்தர் எனக்கு இதைச் சொன்னார் என்று எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ரெகொபோத் சகோதரி செய்ததும் அதுதான். ஆனால் அது அங்கியை இழக்கிறவனிடம் ஆண்டவர் நேரடியாகப் பேசுகிற வார்த்தை. வஸ்திரத்தை உருவுகிறவன் அந்த வசனத்தை எடுத்து, "அங்கியையும் கொடு, வேதத்தில் இருக்கிறது" என்று சொல்ல முடியாது.

அதே மலைப்பிரசங்கத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள், 5:23. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். குறைபட்டவன் தேடி வரட்டும் என்று சொல்லவில்லை. யார்மேல் குறை இருக்கிறதோ அவன் எழுந்து போக வேண்டும்.

நீங்கள் சொன்ன 1 கொரிந்தியர் 6-ஐயும் ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். எட்டாம் வசனம்: "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே." இதில் நஷ்டப்படுத்துதல் என்று வருகிறதே, கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான் மாற்கு 10:19-ல், ஐசுவரியவானிடம் இயேசு கட்டளைகளைச் சொல்லும்போது, "வஞ்சனை செய்யாதிருப்பாயாக" என்று வருகிறது. பவுல் கொரிந்து சபையில் இரண்டு பேரையும் நிறுத்திப் பேசுகிறார். நாம் ஏழாம் வசனத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, எட்டாம் வசனத்தை யாரிடமும் கொடுக்காமல் விட்டுவிட்டோம். லூக்கா 12-லும் அப்படியே. பங்கு கேட்டவன் ஒருவன்தான். ஆனால் பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்பதை ஆண்டவர் "அவர்களை நோக்கி" சொன்னார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் அண்ணனும் நின்றிருந்தால் அவன் காதிலும் விழுந்திருக்கும்.

அண்ணன் இருக்கிற வீடு வேண்டும் என்றால் யோபு 42:15. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். ஏழு குமாரர் இருந்தும், "அவர்கள் தகப்பன் அவர்கள் சகோதரரின் நடுவிலே அவர்களுக்கும் சுதந்தரம் கொடுத்தான்." யாரும் கேட்டதாக எழுதியில்லை. அவ்வளவு பாடுபட்டு எழுந்த மனிதன் தானாகவே கொடுத்தான். எனக்கு யோபின் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடம் இது.


பத்திர எழுத்தர்:

சகோதரி சட்டம் கேட்கவில்லை என்றார். ஆனாலும் ஒன்று சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. தினமும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இந்த விடுதலைப் பத்திரங்களை எழுதித்தான் பிழைக்கிறேன்.

பழைய ஆட்கள் "நகை போட்டாச்சு, பாகம் இல்லை" என்று சொல்வது வெறும் பேச்சு அல்ல. உங்கள் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம், அதாவது கல்யாணச் சீதனம், கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. சில பிரிவினருக்கு விலக்கும் இருந்தது. மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் போய்விட்டது, பேச்சு மட்டும் வீடுகளில் நின்றுவிட்டது.

1925 சட்டப்படி உயில் இல்லாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. உங்கள் 60 சென்டில் அம்மாவுக்கு 20, அண்ணனுக்கு 20, உங்களுக்கு 20. வீட்டுக்கும் அதே கணக்கு.

இவ்வளவு நேரமாக அண்ணன், தங்கை என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். அம்மாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தப் பத்திரத்தில் அம்மாவின் பங்கை என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பதிவானால் திருப்புவது லேசான காரியம் இல்லை.


குழித்துறை மகள்:

பார்த்தேன். அம்மாவும் விடுதலை எழுதிக்கொடுப்பதாக அதில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அம்மாவின் பெயர் இருக்கிறது. என் பெயரைத் தேடி வாசித்ததில் அதை நான் கவனிக்கவே இல்லை.

அண்ணன் பத்திரம் கொண்டுவந்த அன்று அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போதகர் வந்த அன்றும் அப்படித்தான். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பங்கைப் பற்றி எட்டு மாதமாக ஜெபித்த நான் அம்மாவின் பங்கு என்று ஒன்று இருப்பதையே நினைக்கவில்லை.


ரெகொபோத்:

அக்கா, அழாதீர்கள். "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்திவிடுகிறவர்களை இயேசு கண்டித்தாரே (மாற்கு 7), எனக்கு அது ஞாபகம் வந்தது. தேவனுடைய காரியம் என்ற பேரில்தான் அதுவும் நடந்தது.


மூத்தவன்:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் இந்தக் கதையில் வருகிற அண்ணன் மாதிரி ஒருவன். வேறு ஊர், வேறு குடும்பம்.

2003-ல் தங்கையிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேனாவை நான்தான் கொடுத்தேன். அந்த வருடமே அந்த நிலத்தில் வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபமும் வைத்தேன், அவளும் வந்தாள். சபையில் எனக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. ஒரு திருவிருந்து ஆராதனையில் மேலே வாத்தியார் சொன்ன அதே மத்தேயு 5:23-ஐ வாசித்தார்கள். அதற்கு முன்பு நூறு தடவை கேட்டிருப்பேன். அன்று என்னால் எழுந்து போய் அப்பத்தை வாங்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உடனே தங்கையிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மேலும் இரண்டு வருடம் ஆனது. மனைவியிடம் சொல்ல ஒரு வருடம், பிள்ளைகளிடம் சொல்ல இன்னொரு வருடம். பிறகு அளந்து, ரோட்டை ஒட்டி 12 சென்ட் அவள் பெயருக்கு எழுதிவைத்தேன். நல்ல பக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தது என் மகன். வேதத்தில் வருகிற ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான், நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

பத்திரத்தைக் கையில் கொடுத்தபோது தங்கை ஒன்றுதான் கேட்டாள்: "ஏண்ணே இத்தனை வருஷம்?" என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சகோதரி, உங்கள் அண்ணனிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். மத்தேயு 18:15-ம் அதைத்தான் சொல்கிறது, நீயும் அவனும் தனித்திருக்கையில். போதகரையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அன்று நாலு பேர் முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நான் இன்னும் இறுகிப்போயிருப்பேன்.


பத்திர எழுத்தர்:

தனியாகப் பேசி நடக்கவில்லை என்றால், பதினாறாம் வசனப்படி இரண்டொருவரைக் கூட்டிப்போகலாம். அதற்கும் பிறகு மாவட்ட நீதிமன்றங்களில் சமரச மையம் இருக்கிறது, லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இருக்கிறது. ஒருவரை ஒருவர் கூண்டில் ஏற்றாமல் பேசித் தீர்க்கிற இடங்கள். சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்க ஒரு விவேகியாவது உங்களுக்குள் இல்லையா என்று பவுல் கேட்டதற்குச் சபை பதில் சொல்லாதபோது இவைதான் மிச்சம். மூவரும் மனமொத்துவிட்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று போதும், வழக்கே வேண்டாம்.


பனங்காடு:

என் ஆலோசனையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கோர்ட்டுக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் இன்னும் சொல்வேன், அதில் எனக்கு மாற்றம் இல்லை.

எனக்கு இரண்டு அக்காமார். எங்கள் அப்பா கேட்டார், இருவரும் எழுதிக்கொடுத்தார்கள். சந்தோஷமாக எழுதிக்கொடுத்தார்கள் என்று நாற்பது வருடமாக எல்லாரிடமும் சாட்சியாகச் சொல்லிவருகிறேன். அவர்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னக்கா இருக்கிறார், காது சரியாகக் கேட்காது. நாளைக்குப் பஸ் ஏறுகிறேன்.


நாசரேத் வாத்தியார்:

போய்வாருங்கள் ஐயா. ஜெபிக்கிறேன்.


குழித்துறை மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்பா வெட்டின கிணறும் அதைச் சுற்றி இருக்கிற மரங்களும் தன் காலம் வரைக்கும் தன் பேரில் இருந்தால் போதும் என்றார். "யாரும் என்கிட்ட கேக்கலையே" என்றார். தகப்பன் காலேபிடம் மகள் அக்சாள் நீரூற்றுகளைக் கேட்ட இடத்தை (யோசுவா 15) காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன், தனியாக. நீ ஒன்றும் கொண்டுவர வேண்டாம், நானும் எந்தக் காகிதமும் எடுத்து வைக்க மாட்டேன் என்றேன். "சரி" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. கோபத்தோடு பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் பங்கில் எவ்வளவு கேட்பது, எவ்வளவு விடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவின் பங்கில் ஒரு சென்ட்கூட விடுவதில்லை என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

அண்ணனுக்கு அம்மா வைக்கிற சாளைக் குழம்பு என்றால் உயிர். சனிக்கிழமை காலையிலேயே மீன் வாங்கச் சொல்லிவிட்டார். முதலில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு ஆறு மணிக்கு எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.